டீன் ரூமுக்கு வெளியே

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று பத்து, தவசிமணியின் கைக்கடிகாரத்தில் பதினொன்று ஏழு, இதில் எது சரி என்று அவன் ரொம்ப நேரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். மூன்று நிமிஷத்தில் எந்தக் குடியும் முழுகிவிடாது, ஆனால் அதையே யோசித்துக்கொண்டிருந்தால் வேறொன்றை யோசிக்க வேண்டாம் பாருங்கள், அதற்காகத்தான். டீன் ரூம் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ராகிங் விசாரணைக் கமிட்டி, ஐந்து பேர். அவர்கள் முன்னால் நின்றுகொண்டிருப்பவன் குணாளன். வெளியே வராந்தாவில் இந்த மர பெஞ்ச், இந்தக் கடைசியில் எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருடம் தவசிமணி, அந்தக் கடைசியில் குணாளனுடைய அப்பா பால்சாமி, நடுவில் அவருடைய மஞ்சப்பை. கமிட்டி தவசிமணிக்குக் கொடுத்திருக்கிற பெயர் சாட்சி. அடேயப்பா, சாட்சி! வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டலில் அந்த முதல் வருடத்துப் பையனை அறைந்த கை இதோ, பெஞ்சுக்கும் தொடைக்கும் நடுவில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், ஐயா சாட்சியாம். கை மரத்துப்போய்விட்டது. எடுக்கலாம், எடுத்தால் பால்சாமி பார்ப்பார், பார்த்தால் என்ன, கையில் எழுதியா ஒட்டியிருக்கிறது, இருந்தாலும் அவன் எடுக்கவில்லை.

சொல்லிவிடுவதாகத்தான் இருந்தான், சத்தியமாக. நேற்று மத்தியானம் மெஸ்ஸுக்குப் பின்னால் கை கழுவுகிற இடத்தில் குணா கேட்டான், நான் உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்டா, ஆனா நீயா வந்து சொல்லிடுவேல்ல? சொல்லிடுறேன்டா என்றான் இவன். குணா வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, சாம்பார்ல உப்பே இல்ல என்றான். அவ்வளவுதான் அந்த விஷயம். அவன் அப்படித்தான், ஒருத்தன் சொல்லிவிட்டால் சொன்னதுதான் என்று நம்பிவிட்டுத் தூங்கப் போகிற ஜாதி. குணா சத்தம் போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும், சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால், துரோகி, நாயே என்று நாலு கேட்டிருந்தால், இவனுக்கும் பதிலுக்குக் கோபம் வந்திருக்கும், கோபம் வந்தால் மனசு லேசாகியிருக்கும். உப்பைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விட்டான் படுபாவி. இப்போது உள்ளே என்ன சொல்லிக்கொண்டிருப்பான் என்று தவசிமணிக்குத் தெரியும்: வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு நான் என் ரூம்ல தூங்கிட்டிருந்தேன் மேடம், தவசியைக் கேளுங்க, அவனுக்குத் தெரியும். தவசியைக் கேளுங்க, தவசியைக் கேளுங்க. தலைக்கு மேல் ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு டக் போட்டது, அந்த டக்குக்கும் இந்த வார்த்தைக்கும் தாளம் சேர்ந்துபோய் ஐந்து நிமிஷமாக இதே ஓடிக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் மாட்டிக்கொள்ள வழியே கிடையாது. அதுதான் அந்த ஏற்பாட்டின் அழகு. ஜூனியர் சீனியரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, தலையைக் குனிந்து தன் சட்டையில் மேலிருந்து மூன்றாவது பட்டனையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், தேர்ட் பட்டன் என்று பெயர். யார் கண்டுபிடித்த சட்டமோ, எத்தனை வருஷத்துச் சட்டமோ, இன்றைக்குக் கமிட்டியில் உட்கார்ந்திருக்கிற பேராசிரியர்களில் எத்தனை பேர் இந்தப் பட்டனைப் பார்த்து நின்றவர்கள், எத்தனை பேர் நிற்க வைத்தவர்கள் என்று கேட்டால் அந்த ரூமில் ஒரு குண்டூசி விழுகிற சத்தம் கேட்கும். தவசிமணியே போன வருஷம் ஆறு மாதம் அந்தப் பட்டனைப் பார்த்தவன்தான். அந்த ஆறு மாதத்தில் ஒரு சீனியர் முகமும் அவனுக்குத் தெரியாது, கால்கள்தான் தெரியும், வெடிப்பு விட்ட குதிகால், கட்டை விரலில் கறுத்த நகம், இப்படி. அடி வாங்கிய மாசானமுத்துவுக்கும் அதேதான் தெரிந்திருக்கிறது. திங்கட்கிழமை இரண்டாம் வருடத்து ஆம்பளைப் பசங்கள் அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தி, இடது காதில் பஞ்சு அடைத்த அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்து, யாருன்னு காட்டுப்பா என்றார்கள். அவன் வரிசை முழுக்க நடந்தான். இவன் முன்னால் வந்து நின்றான், ஒரு மூச்சு நேரம். ஆனால் பையன் தாண்டிப் போய்விட்டான். எனக்கு முகம் தெரியாது மேடம் என்றான். பின்னே என்னதான்ப்பா தெரியும் என்றார் கமிட்டித் தலைவி பிரபாவதி மேடம், தடயவியல் துறைக்காரர், லேசில் விடுகிற ஆளா. செருப்பு தெரியும் மேடம், ரப்பர் செருப்பு, ஒரு காலுக்கு நீல வார், ஒரு காலுக்குப் பச்சை வார்.

வாட்ச்மேன் போய், குணாவும் இவனும் இருக்கிற நாற்பத்தோராம் நம்பர் ரூம் வாசலிலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், பாலித்தீன் பையில் போட்டு, கொலை கேஸ் மாதிரி. குணாவின் செருப்புதான். வார் அறுந்தபோது வேறொரு பழைய செருப்பின் வாரை எடுத்து அவனே மாட்டிக்கொண்டது, ஹாஸ்டலுக்கே தெரியும். ஆனால் ஹாஸ்டலுக்கு இன்னொன்றும் தெரியும், அங்கே செருப்புக்குச் சொந்தக்காரன் என்று எவனும் கிடையாது. வாசலில் எது கிடக்கிறதோ அதில் காலை நுழைத்துக்கொண்டு போக வேண்டியது, வருகிற வழியில் எங்கே விட்டோமோ அங்கே விட வேண்டியது. குணா குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான், இவன் அவனுடைய செருப்பை மாட்டிக்கொண்டு மாடி ரூமுக்குப் போனான், திரும்பி வந்து அதே வாசலில் கழற்றிப் போட்டான். திட்டம் போட்டா செய்தான்? கிடையவே கிடையாது. செருப்பை வேறெவனோ போட்டுட்டுப் போயிருக்கணும் என்று குணா சொன்னபோது கமிட்டியில் ஒருத்தர் சிரித்தாராம், அடுத்தவன் செருப்பை எவனாவது போடுவானாப்பா என்று. போடுவான் சார், உங்கள் வீட்டில் போட மாட்டான், இங்கே வந்து பாருங்கள். சீனியர்கள் அன்றைக்கு அந்த ரூமில் நாலு பேர். மற்ற மூன்று பேரும், நாங்க அங்க போகவே இல்லைன்னு சொல்லிட்டோம், நீயும் வாயை மூடிட்டு இரு, குணா பார்த்துக்குவான் என்றார்கள். குணா பார்த்துக்குவான். எப்படிப் பார்த்துக்குவான்? அவனுக்கு மட்டும் ரெண்டு உயிரா இருக்கிறது?

“சாப்ட்டியாய்யா?” என்றார் பால்சாமி. தவசிமணி திடுக்கிட்டுப்போய், ஆச்சுப்பா என்றான். ஆகவில்லை. அவர் நம்பவில்லை, பையைத் திறந்து வாழை இலைப் பொட்டலத்தை எடுத்தார், இட்லியும் மிளகாய்ப் பொடியும், நல்லெண்ணெய் வாசம் வராந்தா முழுக்க வந்தது. “குணாவுக்குன்னு அவங்கம்மா கட்டிக் குடுத்தது. அவன் எங்க திங்கப்போறான் இப்ப. நீ ரெண்டு எடுத்துக்கோ.” வேண்டாம்ப்பா என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தான், மனுஷன் கையைப் பிடித்து இழுத்து, அந்தக் கையை, தொடைக்கு அடியிலிருந்து பிடுங்கி, அதில் இட்லியை வைத்துவிட்டார். மரத்துப்போன கையில் இட்லி இருப்பது தெரியவே இல்லை. தின்றான். தண்ணீர் பாட்டிலையும் அவரே திறந்து நீட்டினார். காக்கி பேண்ட்டுக்கு மேல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், டியூட்டி முடிந்த கையோடு பஸ் ஏறியிருப்பார். அரசு பஸ் டிரைவர். போன பொங்கலுக்கு இவன் ஊருக்குப் போகும்போது விலக்கு ரோட்டில், ஸ்டாப்பே இல்லாத இடத்தில், பஸ்ஸை நிறுத்தி, ஏய், நம்ம டாக்டர் தம்பி நிக்காரு, ஏறுய்யா என்று இவனை ஏற்றிக்கொண்டு, கண்டக்டரிடம், பஸ்ஸில் இருந்த ஜனங்களிடம் எல்லாம், என் பையன்கூடப் படிக்கிறாரு என்று காட்டிக்கொண்டே ஓட்டினார். இவனுக்கு அன்றைக்குக் கூச்சமாகவும் இருந்தது, ரொம்பச் சந்தோஷமாகவும் இருந்தது. இவனுக்கு அப்பா இல்லை, ஆறாம் வகுப்பு படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். சிநேகிதனின் அப்பாவை அப்பா என்று கூப்பிடுவது எல்லோரும் செய்வதுதான், இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஏன் அடித்தான்? இந்த இடத்துக்கு வந்ததும் தவசிமணியின் மனசு சண்டி மாடாகிவிடும், நாலு நாளாக இதே கதைதான், அடித்தது வரை போகும், அடித்த பிறகு நடந்ததற்குப் போகும், நடுவில் ஒரு அடி எடுத்து வைக்காது. காதை யோசிக்கும். காது பத்திரமான விஷயம். டிம்பானிக் மெம்பிரேன், அதாவது செவிப்பறை, மூன்று அடுக்கு, முத்து வெளுப்பு, நீளம் ஒரு சென்டிமீட்டர், வெளிச்சம் அடித்தால் கீழ்ப்பக்கத்தில் கூம்பு மாதிரி மினுங்கும். போன வருஷம் அனாடமி வாய்மொழித் தேர்வில் இதைத்தான் கேட்டார்கள், தண்ணீர் பட்ட பாடாகச் சொன்னான், வெளித்தேர்வாளர் வெரிகுட் என்றார். அந்த வெரிகுட் வாங்கிய ஆள் வெள்ளிக்கிழமை வலது கையை விரித்து, உள்ளங்கை குழிந்து காதோடு சரியாகப் பொருந்துகிற மாதிரி அடித்தான், இத்தனைக்கும் அப்படி அடித்தால் உள்ளே காற்று அழுந்திப் பறை கிழியும் என்று படித்திருக்கிறான், படித்தவனின் அடி. சின்ன ஓட்டைதானாம், ஆறு வாரத்தில் தானே மூடிக்கொள்ளுமாம், தொண்ணூறு சதவீதம். காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஹவுஸ் சர்ஜன் சொன்னதை ஒட்டுக்கேட்டு வந்திருக்கிறான். மிச்சம் பத்து சதவீதம்? அந்தப் பையன் நாளைக்கு ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டி ஒரு நெஞ்சின் சத்தத்தைக் கேட்க வேண்டியவன். அடிபட்டதும் கத்தவில்லை, காதைப் பொத்திக்கொள்ளவும் இல்லை, பட்டனைப் பார்த்தபடியே, சார், உள்ள விசில் அடிக்குது சார் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தவசிமணியும் சிரித்தான். அந்தச் சிரிப்பை மட்டுமாவது இல்லை என்று ஆக்க முடியுமானால் ஒரு வருஷப் படிப்பைக் கொடுத்துவிடலாம்.

சரி, ஏன் அடித்தான்? அறிமுகம் கேட்டார்கள். பேர், ஊர், நீட் மார்க், அப்பா என்ன செய்கிறார், அம்மா என்ன செய்கிறார், சத்தமாகச் சொல்லணும், முறைப்படி சொல்லணும். எல்லா வருஷமும் கேட்கிறதுதான். இவனையும் போன வருஷம் கேட்டார்கள், அம்மா டீச்சர் சார் என்று சொல்லிவிட்டான். பொய் என்றும் சொல்ல முடியாது, அம்மா பள்ளிக்கூடத்துக்குத்தானே போகிறாள். கையில் சாக்பீஸுக்குப் பதில் கரண்டி. சத்துணவுக் கூடத்தில் சமையல் ஆயா, காலையில் ஏழு மணிக்குப் போய் அடுப்பை மூட்டி, இருநூறு முட்டை அவித்து ஓடு உரித்து, நகக்கண்ணெல்லாம் புண்ணாகி, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சேலையில் புகையும் பருப்பும் சேர்ந்து ஒரு வாசனை. அந்த வாசனையோடுதான் மடியில் படுக்க வைத்து, எம் புள்ள டாக்டராயிருவான் என்பாள். அப்பேர்ப்பட்டவளை ஒரே வாக்கில் டீச்சராக்கிவிட்டான் மகன். ஒரு தடவை சொன்னது அப்படியே நின்றுவிட்டது, குணாவைத் தவிர இன்றுவரை எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். இந்த மாசானமுத்து என்ன செய்தான்? வந்து நின்றான், பட்டனைப் பார்த்தான், அடுத்த ரூமுக்குக் கேட்கிற மாதிரி தொண்டையைத் திறந்து, எங்கம்மா சத்துணவுக் கூடத்துல சமையல் ஆயா சார் என்றான். ஒரு தயக்கம் இல்லை, ஒரு கூச்சம் இல்லை, கலெக்டர் சார் என்கிற மாதிரி சொன்னான். ஓ, அவிச்ச முட்டையாடா நீ என்று ஒருத்தன் சொல்ல, இன்னொருத்தன் கெக்கெக்கே என்று சிரிக்க, தவசிமணியின் கை போய்விட்டது. சிரித்தவன்மேல் போகவில்லை. பையன்மேல் போனது. எவ்வளவு தைரியம்டா உனக்கு, நான் முழுங்கினதை நீ எப்படிடா இவ்வளவு சத்தமாச் சொல்லலாம். இதைப் போய்க் கமிட்டியில் சொல்ல முடியுமா? ஏன் அடிச்சே என்று பிரபாவதி மேடம் கேட்பார், அவன் அம்மா என் அம்மா மேடம் என்று சொல்ல முடியுமா? சீ, என்ன ஜென்மம் இது.

அதனால் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். கதவு திறக்கும், உதவியாளர் மரியஅந்தோணி பேர் சொல்லிக் கூப்பிடுவார், உள்ளே போய் நின்ற உடனே, கேள்வி வருவதற்கு முன்னால், மேடம், நான்தான் அவனை அடிச்சேன், குணா இல்லை. ஆறு வார்த்தை. ஐந்தா ஆறா? எண்ணிப் பார்த்தான், மேடம் ஒன்று, நான்தான் இரண்டு, ஆறுதான். குணா இல்லை என்பதை முதலில் சொல்லிவிட்டால்? அப்படிச் சொன்னால் உடனே அப்ப யாருன்னு கேட்பார்கள், பதில் சொல்லித்தானே ஆகணும், அதுவும் ஒரு வசதி, ஆனால் அந்த இடைவெளியில் வேறு ஏதாவது வாயில் வந்துவிட்டால்? எதிர்ச் சுவரில் பெரிய ஃபிளெக்ஸ் தொங்கியது, ராகிங் சட்டப்படி குற்றம், சிறைத் தண்டனை, கல்லூரியிலிருந்து நீக்கம், வேறு எந்தக் கல்லூரியிலும் சேர முடியாது, புகாருக்கு இந்த எண். ஒவ்வொரு வரியாகப் படித்தான். நீக்கம் என்ற சொல்லுக்குப் போகும்போது அம்மா சத்துணவுக் கூடத்தில் அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள். இந்நேரம் குழம்பு கொதிக்கும். ஹெட்மாஸ்டர் வந்து, ஏம்மா, உன் பையனைக் காலேஜ்ல இருந்து அனுப்பிட்டாங்களாமே என்பார். தெருவே டாக்டரம்மா, டாக்டரம்மா என்று கூப்பிடுகிறது அவளை, பாதி மரியாதை, பாதி கேலி, கேலியென்று அவளுக்கும் தெரியும், தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்ப்பாள். இனிமேல் எப்படிக் கூப்பிடுவார்கள்? போலீஸ் வேனில் ஏற்றுவார்களா, ஆட்டோவிலா? விலங்கு போடுவார்களா? மாணவனுக்குப் போட மாட்டார்கள். நீக்கிய பிறகு மாணவன் இல்லையே. குணாவுக்கும் அம்மா இருக்கிறாள், இட்லி கட்டிக் கொடுத்த அம்மா. ஆனால் குணாவுக்கு அப்பாவும் இருக்கிறார், சர்க்கார் சம்பளம், ஒரு தங்கச்சி, மாமா வக்கீல் குமாஸ்தா. இப்படி ஒவ்வொன்றாகக் குணாவிடம் இருப்பதை அடுக்கிக்கொண்டே போனான். அடுக்கி முடித்தபோது தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவனுக்கே தெரிந்தது, வெட்கமாக இருந்தது, இருந்தும் மறுபடி ஒருதடவை அடுக்கினான்.

பால்சாமி இலையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். ஃபிளெக்ஸைப் பார்த்தார். “அதையா பாக்கே? அது சும்மா எழுதிப் போட்டிருக்கிறதுய்யா. எங்க பஸ்ல புகை பிடிக்காதீர்னு எழுதியிருக்கில்ல, அது மாதிரி.” பிறகு பெஞ்சில் நகர்ந்து, பையை அந்தப் பக்கம் எடுத்து வைத்துவிட்டு, இவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். “என்கொயரி எனக்குப் புதுசு இல்ல. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல ஆறு மெமோ வாங்கியிருக்கேன். மொத மெமோவுல நியாயம் பேசினேன், நாலு மாசம் சஸ்பென்ஷன். அதுக்கப்புறம் யூனியன் செயலாளர் சொன்னாரு, பால்சாமி, உள்ள போனதும் தப்புதான் அய்யான்னு ஒத்துக்கோ, மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடு, காலைப் புடிக்கணும்னாலும் புடி, திட்டுவாங்க, இன்கிரிமெண்ட்டை வெட்டுவாங்க, மறுநாள் வண்டியைக் குடுத்துருவாங்கன்னாரு. அஞ்சு தடவை அப்படித்தான் தப்பிச்சேன். அதிகாரிங்களுக்குத் தேவை பணிவுய்யா, வேறென்ன. இவன் என்னடான்னா உள்ள போயி நான் இல்ல நான் இல்லன்னு நிக்கான். காலையில இருந்து நிக்கான். அவங்களுக்குக் கோவம் ஏறிக்கிட்டே போகாதா?”

இது டிப்போ இல்லைப்பா என்று தவசிமணி சொல்லியிருக்க வேண்டும். இங்கே ஒத்துக்கொண்டால் இன்கிரிமெண்ட் வெட்டோடு போகாது, கையெழுத்து வாங்கிக்கொண்டு நேரே போலீஸுக்கு அனுப்புவார்கள், இங்கே ஒத்துக்கொள்வதுதான் முடிவு, இது அவனுக்கு நன்றாகத் தெரியும், நாலு நாளாகச் சட்டத்தை வரிக்கு வரி படித்து வைத்திருக்கிறான். வாயைத் திறந்தான். ஃபேன் டக் என்றது.

“ஆனா ஒண்ணு” என்றார் பால்சாமி. “செய்யாததை ஒத்துக்கச் சொல்ல மாட்டேன். செய்யலைன்னா சொல்லு, கோர்ட்டுக்குப் போவேன், வீட்டை வித்தாவது பாப்பேன். செஞ்சிருந்தான்னா உள்ள போயி நானே காலைப் புடிச்சுருவேன். எனக்கு அவனைக் கேட்டாத் தெரிய மாட்டேங்குது, பெத்தவனுக்குப் புள்ள பொய் சொல்றதும் மெய்யாத்தான் தெரியுது. நீ அவன்கூடவே இருக்கிறவன். உங்கிட்ட மட்டும் கேக்கேன்யா, நீ சொல்றதை நம்புறேன். அவன் அடிச்சானா?”

கேட்டுவிட்டு அவர் இவன் முகத்தையே பார்த்தார். கண் சிவந்திருந்தது, தூங்கியிருக்க மாட்டார். இதைவிடச் சுலபமாக யாரும் ஒரு மனுஷனுக்கு வழி திறந்துவிட முடியாது. கமிட்டி இல்லை, மேடம் இல்லை, எழுதுகிறவர் இல்லை, ஒரு அப்பா, இல்லை என்று தலையை ஆட்டினால்கூடப் போதும், நான் என்று நெஞ்சைத் தொட்டால் போதும், பேசவே வேண்டாம். தவசிமணி தலையை ஆட்டத்தான் போனான், அதை யார் வேண்டுமானாலும் நம்பலாம், கழுத்து நரம்பு வரை வந்துவிட்டது. அதற்குள் மனசு குறுக்குச் சந்தில் ஓடியது: இவரிடம் சொன்னால் இவர் உள்ளே போய்ச் சொல்வார், சொன்னால் முடிந்தது, முதலில் யோசித்துக்கொள்ள ஒரு பத்து நிமிஷம் வேண்டும், பத்தே நிமிஷம், இப்போதைக்கு இவரை அமர்த்திவிட்டு, உள்ளே கூப்பிட்டதும் உண்மையைச் சொல்லிவிடலாம், அங்கே சொல்வதுதானே முறை. ஆக, பத்து நிமிஷத்துக்காக. “ஆமாப்பா” என்றான். தன் குரல் இவ்வளவு தெளிவாக வரும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை. “குணாதான். வேணும்னு இல்லப்பா, ஏதோ கோவத்துல. ஒரே ஒரு அடிதான்.”

பால்சாமி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்துவிட்டு, “நல்ல வேளை, நீயாச்சும் சொன்னே” என்று அவன் தோளைத் தட்டிவிட்டு எழுந்தார். பத்து நிமிஷம் எல்லாம் யாரும் தரவில்லை. அவர் நாலு எட்டில் கதவுக்குப் போய்விட்டார், மரியஅந்தோணி, பெரியவரே, பெரியவரே, கூப்பிடாம உள்ள போகக் கூடாது என்று சொல்லி முடிப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கதவு முழுசாகச் சாத்தவில்லை. தவசிமணி எழுந்தான், எழுந்தானா இல்லையா என்று அவனுக்குப் பிறகு நினைவில்லை, கால் பெஞ்சோடு ஒட்டியிருந்த மாதிரியும் இருந்தது. குரல் மட்டும் நன்றாகக் கேட்டது. அம்மா, தாயே, எம் புள்ளதான் அடிச்சான், சின்னப் பையன் புத்தி, அவனுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன், எழுதிக் குடுக்கச் சொல்லுதேன், இந்த ஒருதடவை விட்டுருங்க. நாற்காலி நகர்கிற சத்தம். யாரோ, எழுந்திருங்க, மொதல்ல எழுந்திருங்க, காலை விடுங்க என்றார்கள். அப்பா! நான் இல்லப்பா! என்று குணா. சும்மா இருடா, தவசியே எங்கிட்டச் சொல்லிட்டான்! அதைக் கேட்ட குணாவின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தவசிமணியால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை, கதவுப் பக்கம் பார்க்கவும் முடியவில்லை. அவனா சொன்னான்? என்றது குணாவின் குரல், சின்னதாக. அப்புறம் பெரிதாக: மேடம், அடிச்சதே தவசிதான் மேடம்! என் செருப்பைப் போட்டுட்டுப் போனது அவன்தான்! பிரபாவதி மேடத்தின் குரல் உயரவே இல்லை, நிதானமாக வந்தது. மூணு நாளா இதைச் சொல்லலையேப்பா நீ. திங்கட்கிழமை கேட்டேன், யார் போட்டுட்டுப் போனாங்கன்னு, தெரியாதுன்னே. இப்ப உங்கப்பாவே வந்து ஒத்துக்கிட்டதும் அடுத்தவன் பேரைச் சொல்றியா? இல்ல மேடம், அவனே வந்து சொல்றேன்னான் மேடம், அதனாலதான் மேடம், என்று குணா சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கூட இருக்கிறவன் மேலயே பழியைப் போடுதியாடா, என்று பால்சாமியின் குரல் உடைந்தது, உடனே பளார் என்று ஒரு அடி. ஸ்டியரிங் பிடித்த கை. வராந்தா வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு குணாவின் குரல் கேட்கவே இல்லை. பேப்பர் புரட்டுகிற சத்தம், இங்க கையெழுத்து, இங்கயும், தேதி போடு என்கிற சத்தம், பால்சாமி, போடுய்யா, போட்டுரு, எல்லாம் சரியாப் போயிரும் என்று அழுதுகொண்டே சொல்கிற சத்தம். இப்போது போகலாம். கதவு திறந்துதான் இருக்கிறது, ஆறு வார்த்தை. தவசிமணி கதவைப் பார்த்தான். மேடம், நான்தான். அப்புறம் என்ன? மனசுக்குள் அடுத்த வார்த்தை வரவில்லை, ஆறையும் எண்ணி வைத்திருந்தவனுக்கு மூன்றாவது வார்த்தை மறந்துபோயிற்று. கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது, மரியஅந்தோணி வெளியே வந்தார், வந்தவர் கதவைப் பின்னால் இழுத்துச் சாத்தினார்.

“தம்பி, நீதான தவசிமணி? உன்னை விசாரிக்க வேண்டாம்னுட்டாங்க. பையன் கையெழுத்துப் போட்டுட்டான். நீ கிளாஸுக்குப் போ.”

தவசிமணி நின்றான்.

மரியஅந்தோணி அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இரக்கப்பட்டு, தணிந்த குரலில் சொன்னார். “நல்ல வேளை தப்பிச்சே. கடைசி நேரத்துல உன்னையும் கோத்துவிடப் பாத்தான் பாரு.”

“ஆமாண்ணே” என்றான் தவசிமணி. இரண்டாவது தடவை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.